ஏழு சோடாவும் ஒரு செம்புத் தண்ணீரும்

ஒரே நாளில் ஆகக் கூடியது எத்தனை போத்தல் சோடா குடித்திருக்கிறீர்கள்? பொய் சொல்லாமல் நினைத்துப் பாருங்கள். நான் ஏழு. அதுவும் பத்து வயதில், காலை ஒன்பது மணிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில். இரண்டு சிவப்பு, மூன்று ஒரேஞ்ச், ஒரு கிரீம் சோடா, கடைசியாக என்ன நிறமென்று பார்க்காமலேயே இறக்கிய ஒன்று. எங்கள் வகுப்பில் இதை யாரும் முறியடிக்கவில்லை. கம்பஸுக்கு வந்த பிறகும் விசாரித்துப் பார்த்தேன். ஹொஸ்டலில் ஒருத்தி நான்கு வரை போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

இந்தச் சாதனைக்கு நான் நன்றி சொல்ல வேண்டியது சித்திக்கு. அம்மாவின் தங்கை. அந்த வருடம் பிரதேச சபைத் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் அவர் நின்றார். வாக்குக் கேட்டு வீடுவீடாகப் போவதற்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அம்மாவுக்குத் தலைக்கு மேல் தையல் வேலை. அப்பாவுக்கு அரசியல் என்றாலே மினக்கேடு. மிஞ்சியது நான்.

சித்தி முன்பள்ளி ரீச்சர். கல்யாணம் கட்டவில்லை, எங்களோடுதான் இருந்தார். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதேயில்லை. இப்படிப்பட்ட மனுஷிதான் அதற்கு முந்தின வைகாசி வெயிலில், சபையின் தண்ணீர் பவுசருக்கு முன்னால் நடு றோட்டில் பிளாஸ்ரிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தது. எங்கள் ஒழுங்கையில் எல்லாக் கிணறும் உவர். குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசரோ சந்தியோடு நின்றுவிடும். ட்ரைவரைக் கேட்டால் ஒழுங்கை ஒடுக்கம், வண்டி வராது என்பார். அதே ஒழுங்கைக்குள் மணல் லொறி வந்து திரும்பிப் போகும். சித்தி குடத்தை விட்டு எழும்பவில்லை. பொலிஸ் கொண்டுபோய் ஸ்ரேஷன் வாங்கில் இருத்திவைத்துப் பின்னேரம் விட்டது. அடுத்த நாளும் அதே இடம், அதே குடம். இரண்டு கிழமையில் ஒழுங்கை எப்படியோ தானாகவே அகன்றுவிட்டது. பவுசர் எங்கள் படலையடிக்கே வந்து ஹோர்ன் அடித்தது.

அதில் எடுபட்ட பெயரால்தான் கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தார்கள். பெண்களுக்கு இத்தனை இடம் கொடுக்க வேண்டும் என்று அப்போது புதுச் சட்டம். பட்டியலை நிரப்ப ஒரு பெண்ணின் பெயர் தேவைப்பட்டது. சித்தி யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

அதே மாதத்தில்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியும் வந்தது. தலைப்பு ‘நான் போற்றும் தலைவர்’. வகுப்பில் எல்லாரும் வழக்கமான ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சித்தி எனக்கு எழுதித் தந்தது ஒரு அமெரிக்கக் கறுப்பினத்தவரைப் பற்றி. அவருடைய பெயர் எங்கள் இங்கிலீஷ் ரீச்சரின் வாயிலேயே மூன்று விதமாக வந்தது. வீட்டில் நாங்கள் அவருக்கு அமெரிக்கா அண்ணை என்று பேர் வைத்துக்கொண்டோம்.

அமெரிக்கா அண்ணை ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. படிக்கிற காலத்தில் வெள்ளைக்காரருக்கு மட்டுமான சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குச் சிநேகிதர்களோடு போய்க் கதிரையில் உட்கார்ந்து கோப்பி கேட்டார். கொடுக்கவில்லை. எழும்பவில்லை. தலையில் சீனியைக் கொட்டினார்கள், எழும்பவில்லை. அடித்தார்கள், மறியலில் அடைத்தார்கள். வெளியே வந்து திரும்பவும் போய் இருந்தார். பிறகு தன்னுடைய சனத்தை வாக்குப் பதியச் சொல்லி வீடுவீடாக ஏறி இறங்கினார். கடைசியில் தானே தேர்தலில் நின்று வென்று, நாட்டின் பெரிய சபைக்குள் போய் உட்கார்ந்தார். ஐந்து நிமிடப் பேச்சு. ஒரு வரி பிசகாமல் பாடமாக்கினேன்.

ஒரு இடம் மட்டும் எனக்கு உதைத்தது.

“ஏன் சித்தி, அவர் வேறை கடைக்குப் போயிருக்கலாமே?”

“வேறை கடையும் அப்பிடித்தான்.”

“அப்ப வீட்டை போய்க் குடிக்கலாம்.”

“குடிக்கலாம்,” என்று சொல்லிவிட்டுச் சித்தி முன்பள்ளிச் சுவரில் ஒட்டக் காகித மயில் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒத்துக்கொண்டதால் கேள்வி முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வாக்குக் கேட்கப் போன முதல் நாள் சனிக்கிழமை. சித்தி சைக்கிள் மிதிக்க, நான் பின் கரியரில். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் பிளேன்ரீ, அதுவும் கைக்கு அகப்பட்ட கோப்பையில். சந்திக்கு அந்தப் பக்கம் போனதும் உலகமே மாறிவிட்டது. மதில் வைத்த வீடுகள். எங்களைக் கண்டதும் விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரை போட்டார்கள், கையோடு சோடா வந்தது. எங்கள் முன்னாலேயே மூடியைக் கழற்றி, ஆளுக்கு ஒரு போத்தல். சித்தி தன்னுடையதைத் தொடவில்லை. ‘வேண்டாம், காணும்’ என்று மெல்ல என் பக்கம் தள்ளிவிடுவார். மூன்று வீடுகளில் ஆறு போத்தல். சொந்த ஒழுங்கையில் சீனி குறைந்த பிளேன்ரீ, பெரிய வீடுகளில் கடைச் சோடா. இவர்கள் எங்களை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று நான் பூரித்துப்போனேன். இவ்வளவு மரியாதையைத் தட்டிக் கழிக்கிற சித்தியின் மேல் கோபமும் வந்தது.

நான்காவது, போஸ்ற்மாஸ்ரர் வீடு. ஐயா பென்ஷன் எடுத்துப் பல வருடம், ஆனாலும் அந்தப் பக்கத்தில் வாக்குச்சீட்டில் யாருக்குப் புள்ளடி போடுவது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். அங்கே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்தது. கோடைக்கும் வற்றாது, கற்கண்டு மாதிரி இனிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லும். எங்கள் ஒழுங்கையில் அதைக் குடித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கேள்விப்பட்டது மட்டும்தான்.

அந்த வீட்டு அம்மா நல்ல மனுஷி. என்னைப் பார்த்து, “பிள்ளை பாட்டு ஏதும் பாடுவியோ?” என்று கேட்டார். பாட்டு வராது, பேச்சு வரும் என்றேன். எழும்பி நின்று அமெரிக்கா அண்ணையைத் தொடக்கத்திலிருந்து இறக்கினேன். கோப்பி கொடுக்கவில்லை என்ற இடத்தில் இரண்டு கையையும் விரிக்க வேண்டும், விரித்தேன். ஐயா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் கைதட்டினார்.

“பாவம் அந்தப் பெடியன்,” என்றார் அம்மா. உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “ஒரு கோப்பி குடுத்தால் அவங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்? என்ன மனுசரோ.” சொல்லிக்கொண்டே என் கையில் சோடாவைத் தந்தார். சித்தியிடமும் ஒன்றை நீட்டினார்.

“சோடா வேண்டாம் அம்மா,” என்றார் சித்தி. “எனக்கு ஒரு செம்பு தண்ணி தாங்கோ.”

“தண்ணியோ? சோடா உடைச்சுப் போட்டனே பிள்ளை.”

“தண்ணி காணும், அம்மா.”

“வெயிலுக்கை வந்தனீங்கள். சோடாவைக் குடியுங்கோ.”

“வெயிலெண்டபடியால்தான் தண்ணி கேக்கிறன்.”

ஐயா குறுக்கே வந்தார். சித்தியை அவர் நீங்கள் என்றும் சொல்லமாட்டார், நீ என்றும் சொல்லமாட்டார். நடுவில் நீர். “கடையிலை போத்தில் தண்ணி இருக்கு. எடுப்பிக்கிறன். சீல் பண்ணின சுத்தமான தண்ணி. குடிச்சிட்டுப் போமன்.”

“உங்கடை கிணத்துத் தண்ணியைப் பற்றிச் சின்னனிலையிருந்து கேள்வி, ஐயா. ஒருக்காக் குடிச்சுப் பாப்பம் எண்டு ஆசை.”

“அதுக்கென்ன, பிறகு ஒருநாளைக்குப் பாப்பம். நீர் வந்த விசயத்தைச் சொல்லும்.”

“தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுறன்.”

ஐயா பேப்பரைத் திரும்பவும் கையில் எடுத்தார். என்னமோ சரியில்லை என்று மட்டும் எனக்குப் பட்டது. அந்தப் பதற்றத்தில்தான் ஏழாவது சோடாவை நிறம் பார்க்காமல் குடித்து முடித்தேன். சித்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முன்பள்ளியில் பிள்ளைகளைத் தாய்மார் வந்து கூட்டிப் போகும் வரைக்கும் இருப்பதைப் போல் இருந்தார். ஒரு மணித்தியாலம் இருந்திருப்போம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்ததும் எழும்பி, “நாளைக்கு வாறன் அம்மா,” என்றார்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு விஷயம் எப்போதோ விளங்கியிருக்கும். போத்தல் கடைக்குச் சொந்தம், வெறும் போத்தல் கடைக்கே திரும்பிப் போய்விடும். வீட்டுக் கோப்பையில், வீட்டுச் செம்பில் எங்கள் வாய் படத் தேவையில்லை. எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், கிடைக்கிற சோடாவை விட்டுவிட்டுச் சும்மா கிடைக்கிற தண்ணீரை ஒருவர் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறார் என்பதுதான்.

அன்று பின்னேரமே கட்சியின் அமைப்பாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“அக்கா, ஐயா போன் எடுத்தவர். என்ன அக்கா உது? அவர் காட்டுற பக்கம்தான் அங்கை புள்ளடி விழும். சோடா தந்தா வாங்கிக் குடிச்சிட்டு வாங்கோவன். பிடிக்காட்டி வழியிலை ஊத்துங்கோ.”

“தம்பி, நான் வெண்டா அவையின்ரை றோட்டுக்கும் லைற்றுக்கும் ஆர் கையெழுத்து வைக்கிறது?”

“நீங்கள்தான்.”

“கை பரவாயில்லை. வாய்தான் பிரச்சினையோ?”

அமைப்பாளர் ஹெல்மெற்றைத் தடவினார். “நீங்கள் கோட்டாவுக்குத்தானே அக்கா. உண்மையைச் சொன்னா, பேருக்குத்தான் போட்டது.”

“பேரைப் போட்டிட்டியள். இனி ஆளும் வரும்.”

அப்பா சேர்ட்டை மாட்டிக்கொண்டே, “தோக்கப் போறாய்,” என்றார். அவருக்கும் சித்தியின் மேல் அக்கறை உண்டு, அதை வேறு விதமாகச் சொல்ல வராது.

“தோத்தா முன்பள்ளி இருக்கு, அத்தான். ஆனா கேக்கிறதெண்டா அவை தந்த தண்ணியைக் குடிச்சிட்டுத்தான் வோட்டுக் கேப்பன். இல்லாட்டி அந்த வீட்டிலை கேக்கமாட்டன்.”

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது வீட்டில் விருந்தாளிகள். உடுவிலிலிருந்து அந்த வீட்டு அம்மாவின் அண்ணை குடும்பம் வந்திருந்தது. விருந்தாளிக்குத் தேத்தண்ணீர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் விறாந்தையில் இருக்கிற சித்திக்கு முன்னாலே கொடுக்க வேண்டும். அந்த வீடு ஒரு முடிவு எடுத்தது. எல்லாருக்கும் சோடா.

“எனக்குச் சீனி வருத்தம் தெரியாதே?” என்றார் அம்மாவின் அண்ணை. “ஒரு பிளேன்ரீ போடுமன், தங்கச்சி.”

“பால் திரைஞ்சு போச்சு அண்ணை.”

“பிளேன்ரீக்கு என்னத்துக்குப் பால்?”

அம்மா உள்ளே போனார். அண்ணைக்காரர் போத்தலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். பிறகு மழையைப் பற்றிக் கதைத்தார். அமெரிக்கா அண்ணை போய் இருந்த ஊர்களிலும் இப்படி ஒரு கட்டம் வந்ததாக என் பேச்சிலேயே ஒரு வரி இருக்கிறது. கறுப்பருக்குக் கொடுக்க மனமில்லாத கடைக்காரர் வெள்ளையருக்கும் கொடுக்காமல் கடையைப் பூட்டினார்கள் என்று. அந்த வரியை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அந்த வீட்டு அடுப்பு பூட்டிக் கிடப்பது மட்டும் என் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து போனோம். இந்தத் தரம் எனக்குச் சோடாவும் இல்லை. ஐயா பேப்பருக்குப் பின்னால். அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு. சித்தி பிளாஸ்ரிக் கதிரையில். சித்தியின் உதடு காய்ந்து வெடித்திருப்பதைப் பார்த்தேன். பேசும்போது நாக்கு ஒட்டியது. இந்தப் பெரிய மனிதர்கள் மூன்று நாளாகச் சேர்ந்தும் ஒரு சின்ன வேலையைச் செய்து முடிக்கிறார்கள் இல்லையே என்று எனக்கு எரிச்சல் வந்தது. தண்ணீர்தானே. நான் கொண்டுவருகிறேன்.

வீட்டைச் சுற்றிப் பின்னால் போனேன். வாழைகளுக்கு நடுவே கிணறு. கிணற்றுக்கட்டின் மேல் ஒரு பித்தளைச் செம்பு, கழுத்தடியில் சின்ன நசிவு. கப்பியில் வாளியை விட்டு அள்ளினேன். செம்பை நிரப்பி, சிந்தாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தேன்.

அம்மா நெஞ்சில் கை வைத்தார். ஐயாவின் பேப்பர் இறங்கியது.

“எங்காலை எடுத்தனி?” என்றார் சித்தி.

“கிணத்தடியிலை.”

“ஆர் தந்தது?”

“ஒருத்தரும் தரேல்லை. நான்தான் அள்ளினனான்.”

“கொண்டுபோய் எடுத்த இடத்திலை வை.”

“உங்களுக்குத் தாகமெண்டுதானே...”

“நான் தாகமெண்டு சொன்னனானோ? தாங்கோ எண்டெல்லோ கேட்டனான்.” பிறகு அம்மாவைப் பார்த்து, “பிள்ளை கேளாமல் தொட்டிட்டுது அம்மா. குறை நினையாதேங்கோ,” என்றார்.

எனக்கு முகம் எரிந்தது. திரும்பிப் போய்த் தண்ணீரை வாழையடியில் ஊற்றினேன், செம்பைக் கிணற்றுக்கட்டில் வைத்தேன், கொஞ்சம் அழுதேன். சித்திக்காக நான் செய்ததற்குச் சித்தியே என்னை விட்டுக்கொடுத்து அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். அன்றிரவு சாப்பிடும்போது இனி வரமாட்டேன் என்று அறிவித்தேன். சித்தி, “சரி,” என்றார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சைக்கிளை வெளியில் எடுத்து, “வாறியோ?” என்று ஒரு சொல் கேட்டார். வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டேன்.

போஸ்ற்மாஸ்ரர் வீட்டுக் கேற்றுக்கு வெளியே, எரிப்பதற்குக் கூட்டி வைத்த குப்பை. சருகு, ஊமல், பழைய விளக்குமாறு. அதற்குள்ளே ஏதோ மினுங்கியது. கழுத்தடியில் நசிவு. நான் நேற்று அள்ளிய அதே செம்பு. யாரோ கவனமில்லாமல் குப்பையோடு சேர்த்து வாரிப் போட்டிருக்கிறார்கள். பழைய இரும்பு எடுக்கிறவர் கண்டால் கொண்டு போய்விடுவார். எடுத்துச் சட்டையில் துடைத்தேன். நேற்றைய பாடம் ஞாபகம் இருந்ததால் சித்தியிடம் காட்டினேன்.

“குப்பைக்கை கிடந்தது சித்தி. எடுத்த இடத்திலை வைக்கட்டோ?”

சித்தி செம்பைப் பார்த்தார். சைக்கிளின் ஸ்ராண்டைப் போட்டார். திரும்பவும் பார்த்தார். இப்போது நினைத்தால், அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருடைய முகத்தில் ஏதோ வந்து போனது. பவுசருக்கு முன்னால் குடத்தைக் கவிழ்க்கும்போதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“வேண்டாம். அம்மாட்டைக் கொண்டுபோய்க் குடு. கையிலை குடு.”

போனேன். விறாந்தையில் இருவரும் இருந்தார்கள். நேர்மைக்குப் பரிசு வாங்குகிற பிள்ளையின் குரலில் சொன்னேன். “அம்மா, உங்கடை செம்பு குப்பைக்கை கிடந்தது. ஆரோ தெரியாமல் எறிஞ்சிட்டினம். நான் துடைச்சுக் கொண்டந்தனான்.”

இரண்டு கையாலும் நீட்டினேன். பிள்ளை நீட்டினால் கை தன்பாட்டில் வாங்கிவிடும். அம்மாவும் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் அவருக்கு முகம் கறுத்தது. செம்பைக் கீழே வைக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. சந்தோஷப்படுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்தி வந்து தன் கதிரையில் இருந்தார். “நல்ல கனமான செம்பு, அம்மா. ஏன் எறிவான்? அதிலையே தாங்கோவன்.”

“இஞ்சேரும், நீர் உள்ளை போம்,” என்றார் ஐயா. அது அம்மாவுக்கு.

அம்மா செம்போடு உள்ளே போனார். ஐயா பேப்பரை விரித்தார். பக்கம் புரட்டவில்லை. சித்தி மடியில் கைகளை வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார். சுவரில் ஒரு பல்லி மேலிருந்து கீழ்வரை வந்து, கீழிருந்து மேலே போனது. இன்றைக்கும் கிடையாது, போய்ப் பாடம் செய்யலாம் என்று நான் எழும்பப் பார்த்தபோது வீட்டுக்குப் பின்னால் கப்பி கிறீச்சிட்டது.

ஐயாவின் பேப்பர் தாழ்ந்தது.

அம்மா வீட்டுக்குள்ளால் வரவில்லை. கிணற்றடியிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றி, வெயிலுக்குள்ளால் வந்தார். செம்பு நிறையத் தண்ணீர். வெளிப்புறம் முழுவதும் ஈரம். விரல்களுக்கு இடையால் சொட்டிக்கொண்டிருந்தது. சித்தியின் முன்னால் நின்றார். ஆனால் பார்த்தது சித்தியை அல்ல, ஐயாவை. அவரைப் பார்த்தபடியே செம்பை நீட்டினார்.

“குடி, பிள்ளை,” என்றார்.

சித்தி எழும்பி இரண்டு கையாலும் வாங்கினார். செம்பில் வாய் வைத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளி வீட்டில் தண்ணீர் தந்தால் அண்ணாந்துதான் குடிக்க வேண்டும், வாய் வைக்கக்கூடாது என்று எனக்குக் காதைத் திருகிச் சொல்லித் தந்ததே சித்திதான். இப்போது அவரே கடைசிச் சொட்டு வரைக்கும் வாயை எடுக்காமல் குடிக்கிறார். முடித்து, புறங்கையால் வாயைத் துடைத்து, செம்பை அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“நல்ல தண்ணிதான்,” என்றார். “அம்மா, நான் இந்த வட்டாரத்திலை எலெக்சன் கேக்கிறன். உங்கடை வோட்டை எனக்குப் போடுங்கோ.”

ஐயாவிடம் கேட்கவில்லை. நாலு நாளாக வந்து இருந்துவிட்டுக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்க மறந்துபோனாரே என்று நான் நினைத்தேன். கேற்றைக் கடந்ததும் ஞாபகப்படுத்தினேன். சித்தி சிரித்து, “ஏறு,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய்ப் பானையிலிருந்து மூன்று கோப்பை தண்ணீர் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தார். ஒரு செம்பு குடித்துவிட்டு வந்தவர். நான் என் அம்மாவிடம் காரணம் கேட்டேன்.

“நாலு நாளும் அங்கை போறதுக்கு முதல் வீட்டிலை தண்ணி வாயிலை வைக்கேல்லை உன்ரை சித்தி,” என்றார் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல். “தாகமில்லாமல் தண்ணி கேட்டா அது நடிப்பாம்.”

அந்தத் தேர்தலில் சித்தி தோற்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புள்ளடிதான் விழுந்திருக்கும் என்று அப்பா சொன்னார். ஒன்று விழுந்தது நிச்சயம் என்று சித்தி சொன்னார். இரண்டும் ஒரே கணக்குத்தான், ஆனால் ஒருவர் அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார், மற்றவர் அடுத்த நாள் காலையில் எங்கள் ஒழுங்கையின் தெரு விளக்குக்கு மனு எழுதினார். எனக்குப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் இடம். கோப்பி கொடுக்கவில்லை என்ற இடத்தில் கையை நன்றாக விரித்ததாக நடுவர் பாராட்டினார்.

கம்பஸ் முதல் வருடத்தில், கூடப் படித்த ஒருத்தியின் வீட்டுக்கு ஏழெட்டுப் பேராகப் போனோம். எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸில் தேசிக்காய்த் தண்ணீர். என் ஊரையும் ஒழுங்கையையும் கேட்டுவிட்டு உள்ளே போன அவளுடைய தாய், எனக்கு மட்டும் ஒரு போத்தல் சோடாவோடு வந்தார். ஒரேஞ்ச். அதைக் கையில் வாங்கிய நேரத்தில், பத்து வயதில் குடித்த ஏழும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. அமெரிக்கா அண்ணை எந்த வயதில் எதைச் செய்தார் என்று வரி பிசகாமல் தெரிந்து வைத்திருந்த எனக்கு, அவர் அந்த நாலு நாளும் என் பக்கத்துப் பிளாஸ்ரிக் கதிரையில்தான் இருந்தார் என்பது தெரியாது. செம்பு கவனமில்லாமல் குப்பைக்குப் போகவில்லை என்பது தெரியாது. நான் அள்ளிய தண்ணீரைக் குடித்திருந்தால் சித்தி வெறும் தாகம் தீர்ந்து வீட்டுக்கு வந்திருப்பார் என்பதும் தெரியாது. அந்த அம்மா உள்ளே போன பிறகு கப்பிச் சத்தம் கேட்கும் வரைக்கும் குசினியில் நின்று என்ன நினைத்தார் என்பது இன்றைக்கும் தெரியாது. பிறகு அந்தச் செம்பு திரும்பவும் குப்பைக்குப் போனதா, கிணற்றுக்கட்டுக்குப் போனதா என்று பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

“சோடா வேண்டாம் அன்ரி,” என்றேன் அன்றைக்கு. “தண்ணி தாங்கோ.”

அடுத்த தேர்தலில் சித்தி வென்றார். இப்போது சபை உறுப்பினர். இன்று காலையில் வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்று சந்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர் முறைப்பாடு கொடுத்தார். சித்தியை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வாய்க்காலைப் பார்த்தார், படம் எடுத்தார், நாளைக்கே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டுச் சோடா உடைத்தார்.

நான் கேற்றடியில் இருந்து இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். சித்தி விறாந்தையில் போய் இருந்து இரண்டு மணித்தியாலம். இன்னும் தண்ணீர் வரவில்லை.